சம்பளமும் சாயங்காலமும்: வாசகர் கேள்வி-பதில்

மென்பொருள் துறையில் சம்பளம், வேலை நேரம், இரவு அழைப்பு, ஸ்டாக் ஆப்ஷன் (நிறுவனத்தின் பங்கை முன்பே குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கும் உரிமை) பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாட்டுக்கு நாடு பணமும் வரியும் மாறும். அதனால் தொகை வரும் இடங்களில் 100 என்ற அடிப்படையிலேயே கணக்குப் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஆறு ஆண்டு அனுபவமுள்ள பேக்எண்ட் டெவலப்பர் நான். இப்போது என் ஆண்டுச் சம்பளம் 100 என்றால், புதிய இடத்தில் 140 தருவதாகச் சொல்கிறார்கள். நிலையான சம்பளம் 105, போனஸ் 20, ஸ்டாக் ஆப்ஷன் 15. இப்போது வாரத்துக்கு 42 மணி நேரம் வேலை, அலுவலகம் இரண்டு நாள் மட்டும், போக அரை மணி, வர அரை மணி. அங்கே ஐந்து நாளும் அலுவலகம் போக வேண்டும். ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வேலை 48 மணி நேரம் இழுக்கும் என்று உள்ளே இருப்பவர்கள் சொல்கிறார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் ஆன்-கால் (கோளாறு வந்தால் எந்த நேரத்திலும் அழைப்பை எடுத்துச் சரிசெய்யும் பொறுப்பு) உண்டு. போகலாமா?

பதில்: இப்போது இருக்கும் நிலையில் போக வேண்டாம். அதற்காக ஆஃபரை மறுத்துவிடவும் வேண்டாம். உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஏன் என்று கணக்கு சொல்லும்.

முதலில் 140-ஐப் பிரிப்போம். நிலையான 105 உறுதி. போனஸ் 20 என்பது இலக்கு. நிறுவனமும் நீங்களும் சேர்ந்து இலக்கைத் தொட்டால்தான் முழுதாக வரும். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 10. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனத்தின் ஆப்ஷனுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை, பூஜ்யம் போடுங்கள். ஆக, நம்பிக் கணக்கிடக்கூடிய தொகை 115.

அடுத்து நேரம். விடுமுறை போக ஆண்டுக்கு 46 வாரம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேலை 42, பயணம் 2, மொத்தம் வாரத்துக்கு 44 மணி நேரம்; ஆண்டுக்கு 2,024. புதிய இடத்தில் வேலை 48, பயணம் 12.5, மொத்தம் 60.5, ஆண்டுக்கு 2,783. ஆன்-கால் ஆண்டுக்குச் சுமார் 12 வாரம் வரும். அழைப்பு வராத நாளிலும் லேப்டாப்பை விட்டு நகர முடியாது, சினிமாவுக்குப் போக முடியாது, ஆழ்ந்து தூங்க முடியாது. இதற்கு வாரத்துக்கு 15 மணி நேரம் என்று மதிப்புப் போடுவது மிகையில்லை. அதில் ஒரு 180. கூட்டினால் 2,963.

இப்போது வகுத்துப் பாருங்கள். இன்று 1,000 மணி நேரத்துக்கு 49 வாங்குகிறீர்கள். அங்கே 39. சம்பளம் 40 சதவீதம் ஏறியதாகத் தெரிந்த இடத்தில், மணிக்கூலி 20 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருக்கிறது. இன்னொரு விதமாகப் பார்த்தால் உறைக்கும்: கூடுதலாகத் தரப்போவது 939 மணி நேரம், கூடுதலாகக் கையில் வருவது 15. அந்த 939 மணி நேரத்தையும் இன்றைய கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்கிறீர்கள். அதிலும் படிநிலை வரி உள்ள நாடுகளில், மேலே ஏறும் அந்த 15-க்குத்தான் அதிக விகிதத்தில் வரி விழும்.

சரி, எதைக் கேட்கலாம்? மூன்றைக் கேளுங்கள். அலுவலகம் வாரத்துக்கு இரண்டு நாள். நிலையான சம்பளம் 120. வேண்டுமானால் போனஸிலிருந்து கொஞ்சம் அங்கே மாற்றிக்கொள்ளட்டும். ஆன்-கால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றும் கிடைத்து, குறைந்துபோன போனஸிலும் 10 வந்தால், தொகை 130, நேரம் சுமார் 2,530. 1,000 மணி நேரத்துக்கு 51. இது போகத் தகுந்த வேலை. பேசியது எதுவானாலும் ஆஃபர் கடிதத்தில் ஏற வேண்டும். "அதெல்லாம் டீம் மேனேஜரோடு பேசிக்கொள்ளலாம்" என்று ஹெச்ஆர் சொன்னால், அந்த மேனேஜர் மாறிய அன்றே பேச்சும் போய்விடும். கையெழுத்துப் போடும் வரைதான் பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கழுத்தை நெரிக்கும் கடன் இருக்கிறது, ஓராண்டில் அடைத்தே ஆக வேண்டும் என்றால், மணிக்கூலியை விட மொத்தத் தொகைதான் முக்கியம். அப்போது போகலாம். ஆனால் எந்த மாதம் வரை என்பதை இப்போதே குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: நேர்காணலில் வேலை-வாழ்க்கை சமநிலை எப்படி என்று கேட்டால் எல்லா இடத்திலும் "ரொம்ப நல்லா இருக்கும்" என்கிறார்கள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் கிடைக்கும். கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். கடைசி ரிலீஸ் (புதிய மாற்றங்களின் வெளியீடு) எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனது? ஏதாவது உடைந்ததா, யார் சரிசெய்தார்கள்? இந்த டீமில் கடைசியாக இரண்டு வாரம் தொடர்ந்து விடுப்பு எடுத்தவர் யார், அவர் வேலையை யார் பார்த்தார்கள்? போன மாதம் இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை அலர்ட் (கோளாறு எச்சரிக்கை) வந்தது? இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார்?

விடுப்புக் கேள்விக்கு உடனே ஒரு பெயரும் மாதமும் வந்தால் நல்ல அறிகுறி. யோசித்துவிட்டு, "எங்களுக்கு வரம்பில்லாத விடுப்பு உண்டு" என்று கொள்கையைச் சொன்னால், யாரும் எடுப்பதில்லை என்று சந்தேகப்படலாம். எண்ணிக்கை இல்லாத விடுப்பில் எடுக்காததைச் சேர்த்துவைக்கவும் முடியாது, பல இடங்களில் விலகும்போது அதற்குக் காசும் வராது.

ரிலீஸ் பற்றிய பதிலைக் கூர்ந்து கேளுங்கள். வாரத்துக்குப் பல முறை சிறு சிறு மாற்றங்களை, பகல் நேரத்தில், தானியங்கிச் சோதனையோடு வெளியிடும் டீமில் இரவு வேலை பொதுவாகக் குறைவு. உடைந்தாலும் சிறிய மாற்றம் என்பதால் உடனே பின்வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ரிலீஸ், அதுவும் சனிக்கிழமை இரவு, இருபது பேர் அழைப்பில் காத்திருப்பார்கள் என்றால், அந்த மூன்று மாதத்தின் கடைசி இரண்டு வாரம் உங்கள் கையில் இருக்காது. நிரல் குறியீட்டின் (கோடு) தரமும் குடும்ப நேரமும் ஒரே கயிற்றில் கட்டியவை.

இந்தக் கேள்விகளை மேனேஜரிடம் ஒருமுறை, டீமில் இளையவர் ஒருவரிடம் தனியாக ஒருமுறை கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தாவிட்டால் இளையவர் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலு பேர் டீம். மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால். அந்த வாரம் ஒவ்வொரு இரவும் மூன்று நாலு முறை எழுப்பப்படுகிறேன். சம்பளம் நன்றாக இருப்பதால் விடவும் மனமில்லை. இதெல்லாம் சகஜம்தானா?

பதில்: சகஜமாக நடக்கிறது, சரியில்லை. கூகிள் தன் தளநம்பகப் பொறியாளர்களுக்கு (சேவை நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்பவர்கள்) வகுத்து வெளியிட்ட அளவைப் பாருங்கள். ஒருவர் நேரத்தில் ஆன்-கால் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12 மணி நேர முறை ஒன்றில் இரண்டு சம்பவத்துக்கு மேல் கூடாது. ஒரே இடத்தில் இருக்கும் டீம் என்றால், முதல் ஆள், துணை ஆள் என இருவரை வைத்துச் சுற்ற, குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். இரண்டு என்ற எண் வந்ததற்குக் காரணம், ஒரு சம்பவத்தின் மூலகாரணம் கண்டு, சரிசெய்து, அறிக்கை எழுதி முடிக்கச் சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்ற கணக்கு. உங்களுக்கு ஒரே இரவில் மூன்று நாலு. அப்படியானால் எதுவும் மூலத்தில் சரிசெய்யப்படவில்லை, வந்ததே திரும்பத் திரும்ப வருகிறது என்றுதான் அர்த்தம்.

புகாராகப் போகாதீர்கள். நாலு வாரத்துக்கு ஒரு தாள் வையுங்கள். நாலு பேரும் நிரப்ப வேண்டும். நேரம், அலர்ட்டின் பெயர், நான் செய்தது என்ன, அப்போதே ஒரு ஆள் தேவைப்பட்டாரா, எத்தனை நிமிடத் தூக்கம் போனது: ஐந்து பத்தி போதும். பெரும்பாலும் இரண்டு மூன்று அலர்ட்களே பாதிக்கு மேல் பிடித்திருக்கும்.

உதாரணத்துக்கு, கணினிச் செயலியின் சுமை பற்றி எங்கும் பார்க்கக்கூடிய ஒன்று: "சிபியு 90 சதவீதத்தைத் தாண்டி 5 நிமிடம்." அதிகாலை 2:40-க்கு அடிக்கிறது. எழுந்து, விபிஎன் போட்டு, டேஷ்போர்டைத் திறந்தால், இரவுத் தொகுப்பு வேலை (மொத்தமாகத் தானே ஓடும் கணக்கு வேலை) ஓடிக்கொண்டிருக்கிறது. 2:55-க்குத் தானே இறங்கிவிடுகிறது. பயனர் ஒருவருக்கும் பாதிப்பில்லை. உங்களுக்கு மறுபடி தூக்கம் வர நாலு மணி. இங்கே தவறு எங்கே என்றால், பயனருக்குப் பாதிப்பு என்ற அறிகுறிக்கு அடிக்க வேண்டிய மணி, செயலிச் சுமை என்ற காரணத்துக்கு அடிக்கிறது. பயனர் கோரிக்கைகளில் 2 சதவீதத்துக்கு மேல் பிழை, அது 10 நிமிடம் நீடித்தால் எழுப்பு என்று மாற்றுங்கள். சிபியு அளவு காலையில் பார்க்கும் டிக்கெட்டாக (பணிக் குறிப்பாக) போகட்டும். 2 சதவீதம், 10 நிமிடம் என்பதெல்லாம் உங்கள் சேவைக்கு ஏற்ப மாறும். பணப் பரிவர்த்தனை என்றால் இன்னும் இறுக்கமாக வைக்க வேண்டும்.

கோபத்தில் எல்லா அலர்ட்டையும் மௌனமாக்கிவிடும் டீம்கள் உண்டு. வேண்டாம். உண்மையான தடை வரும் நாளில், வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும். அதன் பிறகு மேலிடம் முன்பிருந்ததை விட இரண்டு மடங்கு அலர்ட் வைக்கச் சொல்லும்.

தாளைக் காட்டி மேனேஜரிடம் கேட்க வேண்டியவை: ஆன்-கால் வாரத்தில் ஸ்பிரிண்ட் வேலை (டீம் திட்டமிட்டு எடுத்த வழக்கமான வேலை) பாதியாகக் குறைய வேண்டும், மீதிப் பாதி நேரம் அந்த வார அலர்ட்களை மூலத்தில் சரிசெய்வதற்கு. இரவு எழுந்தவருக்கு மறுநாள் காலை வேலை இல்லை, அனுமதி கேட்காமலே. ஆன்-கால் பொறுப்பைச் சுமப்பதற்கு ஒரு நிலையான தொகை, ஒவ்வொரு அழைப்புக்கும் தனித் தொகை. அழைப்புக்கான இந்தத் தொகையை வற்புறுத்திக் கேளுங்கள். ஒவ்வொரு அழைப்பும் நிறுவனத்துக்குச் செலவாகத் தெரியும்போதுதான் அலர்ட்டைக் குறைக்க மேலிடத்தில் அக்கறை பிறக்கும். அருகில் உள்ள இன்னொரு நாலு பேர் டீமோடு சேர்ந்து எட்டுப் பேர் சுற்றாக்க முடியுமா என்றும் பாருங்கள். அதற்கு முன் ஒவ்வொரு அலர்ட்டுக்கும் "முதலில் இதைப் பார், பிறகு இதைச் செய், முடியாவிட்டால் இவரை அழை" என்று ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பு இல்லாமல் சுற்றை மட்டும் பெரிதாக்கினால், முறை யாருடையதாக இருந்தாலும் விவரம் தெரிந்த உங்களைத்தான் எழுப்புவார்கள்.

கேள்வி: சம்பளத்தை 30 சதவீதம் குறைத்துக்கொண்டால் 10,000 ஸ்டாக் ஆப்ஷன் தருவதாக ஒரு ஸ்டார்ட்அப் சொல்கிறது. நல்ல பேரமா?

பதில்: 10,000 என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை. மொத்தப் பங்கு எத்தனை என்று கேளுங்கள், தரவேண்டிய ஆப்ஷன்களையும் சேர்த்து. ஒரு கோடி என்றால் உங்களுடையது 0.1 சதவீதம். சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, முதலீட்டாளர்களுக்கு முன்னுரிமைத் தொகை எவ்வளவு? கம்பெனி 60-க்கு விற்கப்படுகிறது என்று வைப்போம். 40 போட்ட முதலீட்டாளர்கள் கையில் 40 சதவீதப் பங்கு. போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தால் அவர்கள் 40-ஐ எடுப்பார்கள். மீதி 20-தான் மற்ற 60 லட்சம் பங்குக்கு. உங்களுக்கு 0.033. நீங்கள் மனக்கணக்கில் போட்டிருந்தது 60-இல் 0.1 சதவீதமான 0.06. கிட்டத்தட்டப் பாதி போயிற்று. அதிலிருந்து ஆப்ஷனை வாங்கும் விலையையும் வரியையும் கழிக்க வேண்டும். இடையில் புதிய முதலீடு வந்திருந்தால் உங்கள் சதவீதமும் சுருங்கியிருக்கும்.

வழக்கமான ஒப்பந்தம் நாலு ஆண்டு. முதல் ஆண்டு முடியாமல் விலகினால் ஒன்றும் இல்லை. முடிந்தால் கால் பங்கு, பிறகு மாதா மாதம். விலகியபின் வாங்கிக்கொள்ளப் பல இடங்களில் 90 நாள்தான் அவகாசம். அதற்குள் கைக்காசு போட்டு வாங்க வேண்டும், விற்கவும் வழியிருக்காது, சில நாடுகளில் வாங்கும்போதே வரியும் வரும். அவகாசத்தைச் சில ஆண்டுகளாக நீட்டித் தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

குறைத்த சம்பளத்தில், ஆப்ஷன் ஒன்றுமே இல்லாமல், செலவு போக மாதம் ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சினால், வேலையும் பிடித்திருந்தால், சேருங்கள். மிஞ்சாது என்றால் வேண்டாம்.

கேள்வி: 80 சதவீதச் சம்பளத்துக்கு வாரம் நாலு நாள் வேலை கேட்கலாம் என்றிருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: பலரும் ஐந்து நாள் வேலையை நாலு நாளில் செய்து, சம்பளத்தை மட்டும் குறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காரணம் மீட்டிங். வாரத்துக்கு 40 மணி நேரத்தில் 10 மீட்டிங்கில் போகிறது என்றால், கோடு எழுத 30 இருக்கிறது. 32 மணி நேர வாரத்திலும் மீட்டிங் அதே 10 என்றால் எழுத 22-தான். குறைவது 20 சதவீதம் இல்லை, 27 சதவீதம். ஆகவே இலக்கை எழுத்தில் கால்பங்குக்கு மேல் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது எந்தெந்த மீட்டிங்குக்கு வரமாட்டீர்கள் என்று பட்டியல் கொடுங்கள்.

வெள்ளியை விடப் புதன் பலருக்கு நன்றாக அமைகிறது. எந்த வேலையும் ஒரு நாளுக்கு மேல் தேங்காது. ஆனால் வெளியீடு வியாழன் என்றால் புதன் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, அப்போது திங்கள் அல்லது வெள்ளி. ஆன்-கால் முறையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். போனஸ், விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, அடுத்த சம்பள உயர்வு ஆகியவை 100-இல் கணக்கா, 80-இல் கணக்கா என்பதும் கடிதத்தில் இருக்கட்டும். மூன்று மாதச் சோதனை என்று தொடங்கினால் சம்மதம் எளிதாகக் கிடைக்கும்.

கேட்பதற்கு ஒரு ஆதாரமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2022-இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் குறைந்த நேர வாரத்தை, சம்பளத்தைக் குறைக்காமலே, சோதித்தன. அதில் 56 சோதனைக்குப் பிறகும் தொடர்ந்தன. நீங்கள் சம்பளத்தையும் விட்டுக்கொடுத்துக் கேட்கிறீர்கள்.

கேள்வி: மேனேஜர் ஆனால்தான் இனி சம்பளம் ஏறும் என்கிறார்கள். எனக்குக் கோடு எழுதத்தான் பிடிக்கும்.

பதில்: ஸ்டாஃப், பிரின்சிபல் என்று தொழில்நுட்ப ஏணி தனியாக இருக்கும் நிறுவனங்களில் சம்பளம் மேனேஜருக்கு இணையாகப் போகும். உங்கள் இடத்தில் அந்த ஏணி தாளில் மட்டும் இருக்கிறதா, அதில் யாராவது ஏறியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரும் இல்லை என்றால் உங்களுக்காகத் திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம், இடம் மாறுங்கள். "பாதி நேரம் மேனேஜர், பாதி நேரம் டெவலப்பர்" என்று கொடுத்தால் மறுத்துவிடுங்கள். பகல் முழுக்க மீட்டிங், கோடு எழுதுவது இரவில் என்று முடியும்.

கேள்வி: சில மாதமாக ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறது. இது வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா?

பதில்: பர்ன்அவுட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத அசதி, வேலை மீது விலகலும் வெறுப்பும், செய்வது எதுவும் உருப்படியில்லை என்ற உணர்வு. களைப்பு என்றால் நல்ல விடுப்பில் தெளியும். இரண்டு வாரம் ஓய்வெடுத்துத் திரும்பிய முதல் வாரமே அதே நிலை என்றால் ஓய்வு போதாது, வேலையின் அமைப்பு மாற வேண்டும். தூக்கம், பசி கெட்டிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்; ராஜினாமா முடிவை அதற்குப் பிறகு எடுங்கள். வேலை நேரத்தையும் எண்ணுங்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று அந்த நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. எந்தச் சம்பள உயர்வும் இதற்கு ஈடாகாது.

கேள்வி: நிம்மதியான வேலை ஒன்று கைக்கு வந்திருக்கிறது, 15 சதவீதம் சம்பளம் குறைவு. ஆனால் இப்போதைய இடத்தில் ஐந்து மாதத்தில் நிறுவனப் பங்கு வர வேண்டும். கடன் தவணையும் ஓடுகிறது. எப்படி முடிவெடுப்பது?

பதில்: தவணையை முதலில் பாருங்கள். புதிய சம்பளத்தில் தவணை, அத்தியாவசியச் செலவு போக மாதம் 10 சதவீதமாவது மிஞ்சினால் மாறலாம். சேமிப்பு ஆறு மாதச் செலவுக்குக் காண வேண்டும். காணாவிட்டால் அந்த ஐந்து மாதத்தை அதற்குப் பயன்படுத்துங்கள்.

பங்கு விஷயத்தில், அடுத்த ஆறு மாதத்துக்குள் வரப்போவதை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்கு அப்பால் இருப்பதை எண்ணத் தொடங்கினால் எந்த நாளும் கிளம்ப முடியாது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒரு கட்டுப் பங்கு தருவதே உங்களைக் கிளம்பவிடாமல் வைக்கத்தான். புதிய இடத்தில் இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: சேரும் தேதியைத் தள்ளிவைப்பது, அல்லது நீங்கள் இழக்கும் பங்குக்கு ஈடாகச் சேர்க்கைத் தொகை. ஐந்து மாதம் காத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நோட்டீஸ் காலம் இரண்டு மூன்று மாதம் என்றால் அது போக மிச்சத்தைக் கேட்பது நியாயம். நோட்டீஸ் கொடுத்தபின் வரும் பங்கு உங்களுக்குச் சேருமா என்று பழைய ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே கடிதம் கொடுங்கள்; சில ஒப்பந்தங்களில் நோட்டீஸ் கொடுத்த அன்றே நின்றுவிடும். சேர்க்கைத் தொகை வாங்கினால் திரும்பக் கட்டும் விதியையும் பாருங்கள். 12 மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையும் என்று இருந்தால், இருந்த மாதங்களைக் கழித்து மீதி மட்டும் என்றும், அவர்களாக வேலையை விட்டு அனுப்பினால் கட்ட வேண்டியதில்லை என்றும் மாற்றச் சொல்லுங்கள்.